“அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“டாக்டரம்மா, இவனுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். உடம்புக்குத் தெம்பா ஒரு லேகியம் குடுங்களேன்.”

இப்படிக் கேட்டுக்கொண்டு என் கிளினிக்குக்கு வருகிற அம்மாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே ஆரம்பித்துவிடும். தீபாவளி லேகியம் மாதிரி இதுவும் ஒரு சீஸன் சரக்கு. மாப்பிள்ளைப் பையன் பெரும்பாலும் செருப்பு விடுகிற இடத்திலேயே வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பான். நான் நாடியைப் பார்த்து, பசி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் விசாரித்து, தேவை இருந்தால் மட்டும் ஏதாவது கொடுத்து அனுப்புவேன். பாதிப் பேருக்கு ஒன்றுமே தேவைப்படாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு அப்படி வந்த ஓர் அம்மா, உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “லேகியம் மட்டும் இல்லம்மா. இவன் பொண்ணு போட்டோவைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கான். பாத்த நாலு இடத்தையும் தட்டிக் கழிச்சிட்டான். அஞ்சாவதை நாங்களே பேசி முடிச்சிட்டோம். எதுக்கும் ஒருவாட்டி நீங்க பாத்திருங்க.”

பையனுக்கு 27 வயது. நல்ல வேலை. நாக்கு, நிறம், விழி, நாடி எதிலும் பெரிய குறை இல்லை. ஆனால் ராத்திரித் தூக்கம் 2 மணி நேரம்தான். சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்செரிச்சல், இரண்டே மாதத்தில் 6 கிலோ குறைந்திருந்தான். அம்மாவை மருந்து கட்டுகிற அறைக்கு அனுப்பிவிட்டு, “தம்பி, இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டமா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். “வேற யாரையாவது மனசுல வச்சிருக்கியா?” பதில் இல்லை. “அது பொண்ணா, பையனா?”

இந்த மூன்றாவது கேள்வியை என் பிராக்டீஸின் முதல் பத்து வருஷத்தில் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது. அந்தப் பையன் அழ ஆரம்பித்தான். சித்த மருத்துவத்தில் ‘அடக்கக் கூடாத 14 வேகங்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று போகிற அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று. அதனால் நான் பேசாமல் இருந்தேன். கால் மணி நேரம் போனபிறகு, “இதை வாய்விட்டுச் சொல்றது இதுதான் பர்ஸ்ட் டைம் டாக்டர்” என்றான்.

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதப்போகிறேன். வீட்டில் பிள்ளை வந்து இப்படிச் சொன்னால் நாம் என்ன பேசுவது, சொல்ல நினைக்கிற பிள்ளை எப்படிச் சொல்வது என்று. குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். இது குடும்பத்துக்குள்தானே நடக்கிறது? வேறு எங்கே எழுதுவது?

நான் செய்த தப்பு

உங்களுக்கு அட்வைஸ் சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1997. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, தனியாகக் கிளினிக் போட்ட புதிது. ஒரு பையனை அவனுடைய தாய்மாமன் அழைத்து வந்தார். மாமன் வெளியே பீடி பற்றவைக்கப் போன நேரத்தில் அந்தப் பையன், “எனக்குப் பொம்பளைங்க மேல ஆசையே வரலைங்க” என்று நேராகவே சொன்னான். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு! என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ‘ஆண்மைக் குறைவு’ என்று முடிவு கட்டினேன். அமுக்கரா, பூனைக்காலி, நிலப்பனைக் கிழங்கு எல்லாம் சேர்த்து ஒரு மண்டலத்துக்குச் சூரணம் கொடுத்தேன். மாமனிடம், “கவலைப்படாதீங்க, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்றும் சொன்னேன். பத்திரிகை வந்தது. மொய் எழுதி அனுப்பினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து இளவயசுப் பெண் ஒருத்தி வந்தாள். வயிற்றெரிச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது. “குழந்தை?” என்று வழக்கம்போலக் கேட்டேன். உடைந்துவிட்டாள். புருஷன் அவளைத் தொட்டதே இல்லை. தான் கறுப்பாக இருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவளை மலடி என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் புருஷனின் ஊரையும் வேலையையும் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. அது நான் ‘சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பிய பையன்.

பிற்பாடு அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் வளைகுடா நாட்டுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இன்றைக்கும் யாராவது ‘கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுமா’ என்று கேட்டால் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது. உங்கள் பிள்ளையின் வாழ்க்கை மட்டும் அல்ல, யாரோ பெற்று, நகை சேர்த்து, நம்பிக் கொடுக்கிற ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

போட்டுக் குழப்பாதீர்கள்

என்னிடம் வருகிறவர்களில் பலர் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆண்மைக் குறைவு என்பது ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்காத நிலை. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி, சிகரெட், சில மாத்திரைகள், மனக்கவலை என்று அதற்குக் காரணங்கள் உண்டு, சிகிச்சையும் உண்டு. திருநங்கை, திருநம்பி என்பது ‘நான் யார்’ என்பதைப் பற்றியது. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டவர் தன்னைப் பெண்ணாக உணர்வது, அல்லது பெண் என்று எழுதப்பட்டவர் ஆணாக உணர்வது. தன்பாலீர்ப்பு என்பது இந்த இரண்டும் இல்லை. ‘எனக்கு யார் மேல் ஆசை’ என்பதைப் பற்றியது அது. ஆண் ஆணாகவே இருப்பான், மீசை வைத்திருப்பான், கிரிக்கெட் பார்ப்பான், ஆனால் மனசும் உடம்பும் இன்னோர் ஆணை நோக்கிப் போகும். பெண்ணுக்குப் பெண் மேல். இரண்டு பக்கமும் ஈர்ப்பு உள்ளவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கின்சி என்கிற ஆராய்ச்சியாளர் 1948-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை 0-விலிருந்து 6 வரை ஓர் அளவுகோலாகவே போட்டுக் காட்டினார். ஒரு முனையில் எதிர்பால் ஈர்ப்பு மட்டும், மறுமுனையில் தன்பால் ஈர்ப்பு மட்டும், நடுவில் பல படிகள்.

பசி எடுக்க மருந்து கொடுக்க என்னால் முடியும். எதைப் பார்த்தால் பசி வரவேண்டும் என்று தீர்மானிக்க என்னிடம் மருந்து இல்லை. யாரிடமும் இல்லை.

“எங்க வளர்ப்புல தப்பா டாக்டர்?”

எல்லா அம்மாக்களும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அப்பாக்கள் கேட்பதில்லை. அவர்கள் அம்மாவைப் பார்த்து, “நீ செல்லம் குடுத்துக் கெடுத்தது” என்று சொல்லிவிடுவார்கள். அதோடு அவர்கள் விசாரணை முடிந்தது.

ஹாஸ்டலில் சேர்த்ததாலா? சின்ன வயதில் பொட்டு வைத்து, கவுன் போட்டு போட்டோ எடுத்ததாலா? செல்போனாலா? அப்பா வெளியூர் வேலையில் இருந்ததாலா? இவற்றில் எதையும் காரணமாக மருத்துவம் காட்டவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி இருக்கிறார்கள். 2019-ல் ஏறத்தாழ 4 லட்சத்து 77 ஆயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆராய்ச்சி ஒன்று வந்தது. ‘இந்த ஒரு மரபணுதான் காரணம்’ என்று சுட்டிக்காட்ட முடியாது, பல சின்னச் சின்னக் கூறுகளோடு மற்ற காரணங்களும் சேர்கின்றன என்றுதான் அதுவும் சொன்னது. எப்படி வந்தது என்பது முழுசாகத் தெரியாத விஷயங்கள் மருத்துவத்தில் நிறைய உண்டு. இடது கைப் பழக்கம்கூட அப்படித்தான். ஆனால் பிள்ளை இதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை என்பதும், அடித்தோ அழுதோ மாற்ற முடியாது என்பதும் தெளிவாகத் தெரியும்.

சிக்மண்ட் பிராய்டுக்கு 1935-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதினார், மகனைப் பற்றி. பிராய்ட் எழுதிய பதிலில் முதலில் கவனித்தது, அந்தத் தாய் கடிதம் முழுக்க அந்த வார்த்தையை மட்டும் எழுதாமல் தவிர்த்திருந்ததைத்தான். ஏன் தவிர்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இது நோய் என்று சொல்ல முடியாது என்று ஆறுதலாக எழுதினார். அவர் சொன்ன காரண விளக்கத்தைப் பிற்பாடு வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை. 90 வருஷத்துக்கு முன்பு கடல் தாண்டி இருந்த அந்த அம்மாவும் நம் அம்மாக்கள் மாதிரியே ‘அந்த மாதிரி’, ‘அது’ என்று சுற்றி வளைத்திருக்கிறார் பாருங்கள்.

அதற்குப் பிறகு மருத்துவ உலகம் நிறைய தூரம் வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து 1990 மே 17-ல் நீங்கியது. 2018-ல் இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இது நோய் அல்ல என்று அறிவித்தது. அதே வருஷம் செப்டம்பர் 6-ம் தேதி, வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தன்பால் திருமணத்தை மட்டும் 2023 அக்டோபரில் அது ஏற்கவில்லை.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு. விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே முழுத் தெளிவு இல்லை என்று ஒளிக்காமல் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகு 2021 ஜூன் 7-ல், ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றுகிறேன்’ என்று கிளம்பும் முயற்சிகளுக்குத் தடை போட்டார். அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநிலக் கவுன்சில்களுக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் அலோபதி டாக்டர்களுக்குத்தான் என்று என் துறைக்காரர்கள் யாரும் நழுவ வேண்டாம். ஒரு நீதிபதியே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொண்டபோது நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

முதல் பத்து நிமிஷம்

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகனோ மகளோ உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டு, “அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பிக்கிறது. நீங்கள் அப்போது பேசுகிற முதல் வார்த்தையை அந்தப் பிள்ளை 20 வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கும். என்னிடம் வந்த 40 வயதுக்காரர் ஒருவர், அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்: “நீ செத்துப்போயிருக்கலாம்லே.” அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த வார்த்தை ஆகவில்லை.

உங்களுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் புரியாது. வயிற்றைக் கலக்கும், காது அடைக்கும். பரவாயில்லை. புரிந்துகொண்டபிறகுதான் பேசவேண்டும் என்று இல்லை. “சொன்னியே, அதுவே பெரிசு. எனக்கு இது புதுசா இருக்கு, கொஞ்சம் டைம் குடு. ஆனா நீ எம்புள்ளதான்.” இவ்வளவு போதும். இதுவும் வரவில்லை என்றால், “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். நம் வீடுகளில் அந்த ஒரு கேள்விக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு, பிள்ளைக்குப் புரியும்.

‘அப்பாவுக்குத் தெரிஞ்சா ஹார்ட் அட்டாக் வந்துரும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன பிள்ளையைக் கொலைகாரனாக்கும் பேச்சு அது. ‘யாரு உன்னைக் கெடுத்தது?’ என்றும் வேண்டாம். ‘ஒரு பொண்ணோட பழகிப் பாத்தியா, அப்புறம் எப்படித் தெரியும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று எப்படித் தெரிந்தது? பழகிப் பார்த்தா தெரிந்தது? படுக்கையறைக் கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள். கல்யாணம் ஆன மகளிடம் எதைக் கேட்கச் சங்கோஜப்படுவீர்களோ அதை இந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. கேட்டுவிட்டு, “யார்ட்டயும் சொல்லிராத” என்று பிள்ளைக்குச் சத்தியம் வாங்குவார்கள். அன்றைக்கு ராத்திரியே சித்திக்கும் பெரியம்மாவுக்கும் போன் போட்டு அழுவார்கள். இது தலைகீழ். யாரிடம் எப்போது சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. உங்களுக்கு அழ ஓர் ஆள் வேண்டும்தான், நியாயம். பிள்ளையிடமே கேளுங்கள்: “நான் சித்திகிட்ட மட்டும் பேசிக்கவா?”

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான அப்பாக்கள் கத்துவதில்லை, பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வீட்டில் மூன்று மாதம் அப்பாவும் மகனும், ‘டிவி சவுண்டைக் குறைக்கச் சொல்லு’, ‘பால்காரன் வந்தானான்னு கேளு’ என்று அம்மா வழியாகவே பேசினார்கள். மூன்றாம் மாதம் அப்பா மகனுடைய பைக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு ரசீதை அவன் மேஜையில் வைத்தார். அதுதான் அவர் சம்மதம். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அம்மாக்கள் அதுவரை நடுவில் நின்று மாளவேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைக்கு 14, 15 வயது என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அந்த வயதில் கூடப் படிக்கிறவர்மேல் வருகிற ஈர்ப்பு சிலருக்கு நிலைக்கும், சிலருக்கு நிலைக்காது. ‘இது பருவக் கோளாறு, போயிடும்’ என்றும் சொல்ல வேண்டாம், ‘நீ இப்படித்தான்’ என்று முத்திரையும் குத்த வேண்டாம். நோட்டுக்குள் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடாதீர்கள். பெரியவர் யாராவது பிள்ளையிடம் தவறாக நடக்கிறாரா என்பதை மட்டும் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஈர்ப்பு அல்ல, குற்றம். எந்தப் பிள்ளைக்கும் நடக்கலாம்.

பெண்பிள்ளைகள் விஷயம்

பையன்கள் வெளியூர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். பெண்கள் பாடு அப்படி இல்லை. வெள்ளைப்படுதல் என்று ஓர் அம்மா 23 வயது மகளை அழைத்து வந்தார். மூன்று வரனை வேண்டாம் என்றிருக்கிறாள், கர்ப்பப்பையில் ஏதாவது கோளாறோ என்று அவருக்குச் சந்தேகம். ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் தனியாக வந்தாள். காலேஜ் தோழி ஒருத்தியோடு ஐந்து வருஷப் பழக்கம். தோழிக்கும் வீட்டில் இடம் பார்க்கிறார்கள். “ரெண்டு பேரும் மருந்தைக் குடிச்சிரலாம்னு பேசிக்கிட்டோம்” என்று சாதாரணமாகச் சொன்னாள், பஸ் ஏறப்போவதைப் போல.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் நீங்கள் யாராக இருந்தாலும், அம்மாவோ தோழியோ டீச்சரோ, ‘சும்மா மிரட்டுறா’ என்று விடக் கூடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை எட்டாத இடத்தில் வையுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்கிற மத்திய அரசின் இலவச மனநல சேவை இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் 104-ம் இருக்கிறது. நான் அன்றைக்கு அவளை உட்காரவைத்து, என் போனிலிருந்தே பேசவைத்தேன். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மனசை மாற்ற இல்லை, அந்தச் சாவு எண்ணத்துக்கு மட்டும்.

அந்த வீட்டில் திருப்பம் உண்டாக்கியது நான் இல்லை, 78 வயது ஆச்சி. விஷயம் தெரிந்து வீடே கொந்தளித்து, செல்போனைப் பிடுங்கி, வாசல் கதவைப் பூட்டியபோது ஆச்சி சொன்னாராம்: “எங்க காலத்துலயும் ரெண்டு பேரு கட்டிக்காமலே ஒரே வீட்டுல கிடந்து கஞ்சி குடிச்சுச் செத்தாளுக. யாரு என்ன கேட்டா? கதவைத் தெறங்கட்டி.” நம் ஊர்களில் இப்படிப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்ட கதைகள் நிறைய இருக்கின்றன. பேசத்தான் மாட்டோம்.

கதவைப் பூட்டுகிற பெற்றோருக்கு ஒரு விஷயம். 18 வயது தாண்டிய மகளை இஷ்டத்துக்கு விரோதமாக அடைத்துவைப்பது சட்டப்படி செல்லாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் தடுத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைத் தன் தோழியோடு போக அனுமதித்து, குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றே வழி அல்ல என்றும் சொன்னது. கோர்ட் வரை போகாமல் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்ப்பது நல்லது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சொல்ல நினைக்கிறவர்களுக்கு

இந்தப் பத்திரிகையை அம்மா மட்டும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் இரண்டு வார்த்தை.

சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உன் சம்பாத்தியம், தங்க ஓர் இடம், கூட நிற்க ஓர் ஆள், இந்த மூன்றையும் யோசித்துக்கொள். அப்பா அடிக்கிற சுபாவக்காரர், நீ இன்னும் அவர் காசில் படிக்கிறாய் என்றால், படிப்பு முடியட்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை, பொறுக்கச் சொல்கிறேன். சண்டையின் நடுவில் வீசி எறியாதே. தீபாவளிக்கு, கொடைக்கு, சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கும்போது வேண்டாம். முதலில் அக்காவோ சித்தப்பாவோ, சினிமா பார்க்கும்போது இந்த மாதிரிப் பாத்திரங்களைப் பார்த்துக் கேலி செய்யாதவர் யார் என்று கவனி. அவரிடம் ஆரம்பி. அம்மாவிடம் சொல்வதானால் அவர் கீரை ஆய்கிற நேரம், பூக் கட்டுகிற நேரம் நல்லது. கை வேலையில் இருக்கும், கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நீ பல வருஷம் யோசித்ததை அவர் ஒரு ராத்திரியில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

ஆனால் ஒன்று, கல்யாணத் தேதி குறிக்கும் வரை தள்ளிப்போடாதே. ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

உடம்பையும் பார்த்துக்கொள். ஆணுறை எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள ‘நம்பிக்கை மைய’த்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். தூக்கம் இல்லை, நெஞ்செரிச்சல், படபடப்பு என்றால் அதற்கு என்னைப் போன்றவர்களிடம் வைத்தியம் உண்டு. ராத்திரி பாலில் அமுக்கரா சூரணம் சிலருக்குத் தூக்கம் தரும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இது தூக்கத்துக்குத்தான், ஈர்ப்பை மாற்ற அல்ல.

மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற யாரையும் நம்பாதே, அவர் சித்த வைத்தியராக இருந்தாலும். லாட்ஜில் ரூம் போட்டு, ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று விளம்பரம் கொடுத்துக் காசு பறிக்கிற கூட்டம் இன்னும் ஒழியவில்லை. ஹார்மோன் ஊசி, கரண்ட் ஷாக், பத்தியம், மந்திரித்த கயிறு என்று ஆளுக்கொரு கடை. 80 ஆயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியது பையனின் வயிற்றுப் புண்தான்.

அந்தத் தை மாசம்

லேகியம் கேட்டு வந்த அம்மாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே. அன்றைக்கு அந்தப் பையன் சொல்லச் சொன்னதால் நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். அவன்தான் பேசினான், நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த கல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்ல?” என்று கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அது என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ‘எங்களுக்குத்தான் சூழ்நிலை சரியில்லை, உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்லை’ என்று அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு, தட்டு மாற்றிய செலவையும் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் ஆறு மாதம் பேசியது. அப்புறம் வேறு வீட்டைப் பேசப் போய்விட்டது.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம் அவர் கோயிலுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார், தெரிந்தவர்களைப் பார்க்காமல் இருக்க. எனக்கும் அவருக்கும் ஒருமுறை வாக்குவாதம்கூட ஆயிற்று.

போன மாதம் முழங்கால் வலிக்கு உளுந்துத் தைலம் வாங்க வந்தார். தைலத்தைக் கட்டி முடிக்கும்போது, “சளிக்கு ஒரு மருந்து குடுங்கம்மா” என்றார். “உங்களுக்கா?” “இல்ல, இவன்கூட பெங்களூர்ல இருக்கான்லா, அந்தப் பையனுக்கு. பத்து நாளா இருமிக்கிட்டே கிடக்கானாம்.” ஆடாதோடை மணப்பாகு எடுத்து வைத்தேன். மணப்பாகில் சர்க்கரை உண்டு, அந்தப் பையனுக்குச் சர்க்கரை வியாதி எதுவும் இருக்கிறதா, இருமலோடு காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இருங்கம்மா என்று சொல்லிவிட்டு, அங்கேயே அந்தப் பையனுக்குப் போன் போட்டார்.